90 நிமிட லேஓவரா, 4 மணி நேரமா, அபுதாபி வழியா? அமெரிக்கா வரும் அப்பா அம்மாவுக்கான கணக்கு

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு டிக்கெட் தேடும்போது தளங்கள் முதலில் காட்டுவது விலையும் மொத்தப் பயண நேரமும்தான். 24 மணி நேரத்தில் முடியும் பயணம் மேலே நிற்கும், 28 மணி நேரம் எடுப்பது கீழே போய்விடும். பெற்றவர்கள் அதிகம் அலைய வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் பிள்ளைகள் மேலே இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். அந்த நான்கு மணி நேரம் எங்கே மிச்சமானது என்று பிரித்துப் பார்த்தால், பல சமயம் டல்லஸிலோ சிகாகோவிலோ நியூயார்க்கிலோ வைத்திருக்கும் 90 நிமிட லேஓவரில், அதாவது விமானம் மாற விடும் இடைவெளியில், போய் நிற்கும். மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் அதுதான்.

ஓர் ஊரை வைத்தே பேசலாம். ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் பென்டன்வில். வால்மார்ட்டின் தலைமையகம் அங்கே இருப்பதால் நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள், பெற்றோர் வந்து போவதும் வழக்கம். கடல் தாண்டி வரும் விமானம் எதுவும் அங்கே இறங்குவதில்லை. டல்லஸ், சிகாகோ, அட்லாண்டா மாதிரி ஒரு பெரிய ஊரில் இறங்கி, சின்ன விமானம் மாறித்தான் போக வேண்டும்.

அந்தப் பெரிய ஊரில் நடப்பது துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறிய அனுபவத்தோடு ஒத்துப்போகாது. அங்கெல்லாம் ஒரு கேட்டில் இறங்கி, பாதுகாப்புச் சோதனை தாண்டி, இன்னொரு கேட்டில் ஏறினால் சரி. பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். அப்புறம் பெல்ட்டுக்குப் போய்ப் பெட்டிகளை எடுக்க வேண்டும், சுங்கத்தைத் தாண்ட வேண்டும், வெளியே இருக்கும் இடத்தில் பெட்டிகளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும், மறுபடி இடுப்பு பெல்ட், கைப்பை என்று பாதுகாப்புச் சோதனை, அதன்பின் உள்நாட்டு கேட். சென்னை கவுன்ட்டரில் ஒட்டிய பட்டையில் கடைசி ஊரின் பெயர் இருக்கும். "பெட்டி நேரா ஊருக்கே வந்துடும்" என்று அங்கே யாராவது சொல்லியும் அனுப்புவார்கள். அதை நம்பி பெல்ட் பக்கமே போகாமல் வெளியேறிவிடும் பெரியவர்கள் உண்டு. இதை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

டல்லஸில் 90 நிமிடம்

தளமே விற்கிறதே, போதாத நேரத்தையா விற்பார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள், அதைத் தொட்டால் விற்றுவிடுவார்கள். எல்லாம் சரியாக நடக்கும் நாளில், வழி தெரிந்த ஒருவருக்கு ஆகும் நேரம் அது. உங்கள் அம்மாவின் முழங்கால் வலி அந்தக் கணக்கில் இல்லை.

90 நிமிடத்தில் நிஜமாகக் கையில் இருப்பது எவ்வளவு? புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பாவது உள்நாட்டு கேட்டில் நிற்க வேண்டும். மீதி 75. விமானம் தரை தொட்டு, கேட்டுக்கு வந்து, பின்வரிசையிலிருந்து இறங்கி இமிக்ரேஷன் கூடத்துக்கு நடந்து போவதற்கு 25 நிமிடம் வைத்தால் மீதி 50. இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம், ஒப்படைப்பு, பாதுகாப்புச் சோதனை, டெர்மினல் மாறும் ரயில் எல்லாம் அந்த 50 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். முதல் முறை வருகிறவருக்குக் கைரேகை, புகைப்படம், எத்தனை மாதம் இருப்பீர்கள், யார் வீட்டில், மகன் என்ன வேலை என்று கேள்விகள். கூடவே ஏதாவது சந்தேகம் வந்து தனி அறைக்கு அனுப்பினால் அன்றைய இணைப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த 90 நிமிடம் யாருக்குப் பொருந்தும்? இமிக்ரேஷனை வேகமாகத் தாண்ட முன்கூட்டியே அனுமதி தரும் குளோபல் என்ட்ரி வைத்திருக்கிற, கைப்பெட்டி மட்டும் கொண்டுவருகிற ஆளுக்கு. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் செயலியில் விவரங்களை முன்கூட்டியே பதிந்து தனி வரிசையில் போகலாம், அவர்களுக்கும் ஓரளவு ஒத்துவரும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் நிறைந்த நான்கு பெட்டிகளோடு சுற்றுலா விசாவில் வரும் தம்பதிக்கு இதைப் போடாதீர்கள்.

அதே வழி, 4 மணி நேரம்

என் தேர்வு பெரும்பாலும் இதுதான். மூன்று மணி நேரத்துக்குக் கீழே இறங்க மாட்டேன். வீல்சேர் கேட்டிருந்தால் நிச்சயமாக நான்கு. வீல்சேர் வைத்தால் எல்லாம் வேகமாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வரிசையில் முன்னால் போகலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு கட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த உதவியாளர் வரும்வரை உட்காரவைப்பதும் நடக்கும். ஒரே விமானத்தில் வீல்சேர் கேட்டவர்கள் ஏராளமாக இருந்தால், விமான வாசலிலேயே காத்திருக்க வேண்டும். வழி கேட்டு இங்கிலீஷில் அல்லாடாமல் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பதற்காக வீல்சேர் எடுங்கள், அது நல்ல காரணம். நேரம் மிச்சமாகும் என்று நினைத்து லேஓவரைக் குறைத்துவிடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் என்பதோடு, எத்தனை மணிக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் வந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், வரிசை நீளும் நேரம் அது. அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை தன் தளத்தில் விமான நிலையம், டெர்மினல், தேதி, மணி வாரியாக இமிக்ரேஷனில் காத்திருந்த நேரத்தை வெளியிடுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் அதே டெர்மினலில், அதே கிழமையில், அதே மணியில் எப்படி இருந்தது என்று சில வாரங்களைப் புரட்டிப் பாருங்கள். சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தைப் பாருங்கள், உங்கள் பெற்றோர் வரிசையின் கடைசியில் நிற்கக்கூடும்.

அதைவிடவும் நான் பார்ப்பது, அந்த உள்நாட்டு விமானத்துக்குப் பின்னால் அன்றைக்கு இன்னும் எத்தனை விமானம் இருக்கிறது என்று. டல்லஸிலிருந்து பென்டன்வில் பக்கம் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் போகின்றன. மாலை ஐந்து மணி விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தால் கூடுதல் பணமும் கேட்க மாட்டார்கள். இரவின் கடைசி விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டமிட்டுவிட்டுத் தவறவிட்டால், 70 வயதுக்காரர்கள் தெரியாத ஊரில் ராத்திரி தங்க வேண்டும். நான்கு மணி நேர லேஓவர் வைத்துக் கடைசி விமானத்தைப் பிடிப்பதைவிட, மூன்று மணி நேரம் வைத்து இன்னும் இரண்டு விமானம் மீதமிருப்பது மேல்.

ரொம்ப அதிகமாகவும் வேண்டாம். 20 மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் டல்லஸ் கேட் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உடம்பு ஒடிந்துவிடும்.

அபுதாபி வழி

இது வேறு மாதிரியான ஏற்பாடு. அமெரிக்க இமிக்ரேஷனையும் சுங்கத்தையும் அபுதாபியிலேயே முடித்துவிடலாம். 2014 ஜனவரியில் தொடங்கியது, அமெரிக்க அதிகாரிகளே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கனடாவின் பெரிய விமான நிலையங்களிலும், அயர்லாந்தில் டப்ளின், ஷானன் இரண்டிலும் இதே ஏற்பாடு உண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கையில் எட்டுவது அபுதாபிதான், அந்த ஊர் விமான நிறுவனமான எதிஹாட் சென்னைக்கு வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, வரிசையில் நிற்கும் எல்லோரும் அடுத்து கிளம்பப்போகும் அமெரிக்க விமானங்களுக்கு உரியவர்கள் என்பது. வரிசை மெதுவாக நகர்ந்தால் விமான நிறுவனத்துக்கே அது தெரியும், அரை விமானத்தை விட்டுவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். டல்லஸில் வரிசை நீண்டால் பென்டன்வில் போகும் சின்ன விமானத்துக்கு அதைப் பற்றி என்ன கவலை? சிகாகோவிலோ நியூயார்க்கிலோ இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போலவே வெளியே வரலாம். ஒரே டிக்கெட் என்றால் பெட்டியையும் நடுவில் எடுக்க வேண்டியதில்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு இந்த ஒரு நிம்மதிக்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஆனாலும் லேஓவர் வேண்டாம் என்று ஆகிவிடாது, அது இடம் மாறுகிறது. அபுதாபியில் மூன்று மணி நேரமாவது வையுங்கள். அமெரிக்கப் பக்கம் இரண்டு மணி நேரம் வையுங்கள், ஏனென்றால் சிகாகோவில் சர்வதேச விமானங்களின் இடம் 5-ஆம் டெர்மினல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 3-இல், யுனைடெட் 1-இல். நடுவில் ஓடும் ரயில் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருப்பதால் மறுபடி சோதனை வரிசையில் நிற்க வேண்டும். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலும் டெர்மினல் மாற ஏர்டிரெயின் என்ற ரயிலில் ஏறி, திரும்ப உள்ளே நுழைய வேண்டும். கென்னடியில் இறங்கி லாகார்டியாவில் ஏறுகிற டிக்கெட்டும் சில சமயம் கண்ணில் படும். அது ஊரின் இன்னொரு விமான நிலையம், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் போக வேண்டும். விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

ஐரோப்பா வழியாக நேரே வீட்டு ஊருக்கு

பென்டன்வில்காரர்களுக்கு இது கிடைக்காது. ஆஸ்டின், நாஷ்வில், பிட்ஸ்பர்க், ராலே பக்கம் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் தேட வேண்டும். லண்டனிலிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆஸ்டினுக்கும் நாஷ்வில்லுக்கும் பிட்ஸ்பர்கிற்கும் பறக்கிறது. பிராங்பர்ட்டிலிருந்து லுஃப்தான்ஸா ஆஸ்டினுக்கும் ராலேவுக்கும் போகிறது. இரண்டு நிறுவனங்களும் சென்னைக்கு வருகின்றன. இமிக்ரேஷன் பயணத்தின் கடைசியில் வந்துவிடுவதால், அங்கே இரண்டு மணி நேரம் ஆனாலும் தவறவிட விமானமே இல்லை. வெளியே நீங்கள் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பீர்கள், அவ்வளவுதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், அமெரிக்கா போகும் வழியில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு லண்டனிலும் பிராங்பர்ட்டிலும் தனி டிரான்சிட் விசா வேண்டாம். நடுவில் இரண்டரை மணி நேரம் தாராளம்.

இந்த வழியும் அபுதாபி வழியும் ஒரே விலையில் வந்தால், நான் இதைத்தான் எடுப்பேன். இறங்கிய இடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்ற தைரியம் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் பதில் சொல்லும்போதே உதவும்.

தனித்தனி டிக்கெட்

சென்னையிலிருந்து டல்லஸ் வரை ஒன்று, அங்கிருந்து ஊருக்கு மலிவாக இன்னொன்று. சர்வதேச விமானம் தாமதமானால் உள்நாட்டு நிறுவனத்துக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. வரவில்லை என்று குறித்துவிட்டு டிக்கெட்டை முடித்துவிடுவார்கள். பெட்டியைச் சுங்கத்துக்கு வெளியே ஒப்படைத்துவிட்டு நடக்கும் வசதியும் கிடையாது. புறப்பாட்டுக் கூடத்துக்கு இழுத்துப்போய், கவுன்ட்டரில் நின்று, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அப்படிச் செய்தே தீர வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் வையுங்கள். அதற்குப் பதில் டல்லஸுக்கே காரில் போய் அழைத்து வரலாம். பென்டன்வில்லிலிருந்து ஒரு வழிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் வயதானவர்களுக்கு அது இதைவிட நிம்மதியான முடிவு.

டெல்லி வழியாக ஏர் இந்தியாவில் வருவதை நான் அதிகம் சொல்வதில்லை. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானமே தாமதமாகும். அந்த மாதங்களில் டெல்லியில் ஐந்து மணி நேரமாவது வேண்டும்.

எந்த வழியானாலும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இதுவும் நேரக் கணக்கில் சேரும். கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள், எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பதால். பழம், பச்சைக் காய்கறி, இறைச்சி எதுவும் வேண்டாம். பொடி, அப்பளம், இனிப்பு இருந்தால், உணவுப்பொருள் இருக்கிறது என்று கேட்டவுடன் சொல்லிவிடச் சொல்லுங்கள். சொன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புவார்கள், மறைத்தால் அபராதமும் நேரமும் போகும். வழியில் வாங்கிய வாசனைத் திரவியமோ பாட்டிலோ இருந்தால், பெல்ட்டில் எடுத்த பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு அதன்பின் ஒப்படைக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேலான திரவம் அடுத்த சோதனையில் சிக்கும்.

திரும்பிப் போகும்போது இந்தக் கணக்கு தளர்ந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வெளியேற இமிக்ரேஷன் கவுன்ட்டர் கிடையாது, பெட்டியும் சென்னைவரை தானாகப் போகும். டல்லஸில் இரண்டு மணி நேரம் போதும். கோடையில் பிற்பகல் இடிமழையால் உள்நாட்டு விமானங்கள் தாமதமாகும், அந்த மாதங்களில் மட்டும் மூன்றாக்கிக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கி மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிறவர்கள் இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாவற்றையும் சென்னையிலேயே முடிக்க வேண்டியிருக்கும். உள்நாட்டு டெர்மினல்கள் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன, மூன்று மணி நேரம் இருந்தால் அவசரமில்லாமல் மாறிவிடலாம்.