வேர்வைக்குத் தாங்கும் பிரேம்: ஸ்டீலா, டைட்டேனியமா?

கிளிநொச்சியில் வாங்கிய அப்பாவின் தங்க நிறக் கண்ணாடி ஓராண்டுக்குள் மூக்குப் பக்கம் பச்சை பிடித்துவிட்டது. மூக்கின் இரு புறமும் ஒரே கடி, சொறி. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் விடியற்காலையிலிருந்து நிற்கிறவர் அவர். வேர்வை முழுக்கக் கண்ணாடியில்தான் இறங்கும்.

அந்தப் பச்சை செம்பின் களிம்பு. விலை குறைந்த பிரேம்கள் பெரும்பாலும் மோனல், இல்லாவிட்டால் ஜேர்மன் சில்வர் என்கிற கலப்பு உலோகம். மோனலில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. ஜேர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். வளைக்கவும் பற்றவைக்கவும் சுகம் என்பது உண்மை. ஆனால் மேற்பூச்சு தேய்ந்ததும் வேர்வை நிக்கலைக் கரைத்துத் தோலில் சேர்க்கும். சொறி அதனால்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. 316எல் வகையில் 10 முதல் 14 வீதம். ஆனாலும் குரோமியம் மேலே மெல்லிய படலமாகப் படிந்து அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நிக்கல் ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள் மட்டும் இதையும் தவிர்ப்பது நல்லது.

சுத்த டைட்டேனியத்தில் நிக்கலே இல்லை, கடல் உப்பும் அதை அரிக்காது. முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர் காசு சேர்த்தாவது இதை வாங்கலாம். ஒரே அளவு தண்ணீரோடு பார்த்தால் ஸ்டீல் ஏறத்தாழ 8 மடங்கு பாரம், டைட்டேனியம் 4.5 மடங்குதான். ஆனால் ஸ்டீல் பிரேமை மெல்லிய கம்பியாகவே இழுத்துச் செய்வார்கள், ஆகவே முகத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. உடைந்தால்தான் பாடு. சூடான டைட்டேனியம் காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஆர்கன் வாயுவின் காப்பில்தான் ஒட்ட வேண்டும். பக்கத்துக் கடையில் அது நடக்காது.

முறுக்கினாலும் நிமிரும் 'மெமரி' பிரேமை டைட்டேனியம் என்று காட்டுவார்கள். அதில் ஏறத்தாழ பாதி நிக்கல்! சொறி வருகிறவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிரேமில் காந்தம் இழுத்து ஒட்டினால் அது டைட்டேனியம் இல்லை. ஒட்டாததெல்லாம் டைட்டேனியமும் இல்லை. அலுமினியம் பாரமில்லாதது, ஆனால் வளைத்து நிமிர்த்தினால் முறியும். வயலுக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு ஸ்டீல்தான் எடுத்தேன். பின்னேரம் கிணற்றடியில் முகம் கழுவும்போதே கண்ணாடியையும் நல்ல தண்ணீரில் அலசி, பிணைச்சலைத் துணியால் ஒற்றிவிடுகிறார். மூக்கில் சொறி ஆறிவிட்டது.