சிசரோவை எங்கே தொடங்குவது: உரைகளிலா, கடிதங்களிலா?

உரைகள், பழைய ரோமின் அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ ஊருக்குக் காட்டிய முகம். கி.மு. 63இல் ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலைன் தீட்டிய சதியை அம்பலப்படுத்திய நான்கும், பிற்பாடு சீசரின் தளபதி ஆன்டனிக்கு எதிரான 14ம் இன்றும் அனல் பறக்கின்றன. அந்த 14தான் அவர் உயிருக்கே வினையானது, கி.மு. 43 டிசம்பரில் கொன்று, தலையை அவர் பேசிய மேடையிலேயே வைத்தார்கள்.

கடிதங்கள் வேறு. நண்பர் அட்டிகஸிடம் அவர் எதையும் மறைப்பதில்லை: நாடுகடத்தப்பட்டபோது புலம்புகிறார், உள்நாட்டுப் போரில் பாம்பேயா சீசரா, யார் பக்கம் போவது என்று தடுமாறுகிறார், கி.மு. 45இல் மகள் துல்லியா இறந்ததும் நொறுங்கிப்போகிறார். 1345இல் வெரோனாவில் இவற்றைக் கண்டெடுத்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் மனம் வெதும்பி, செத்துப்போன சிசரோவுக்கே கடிதம் எழுதினார். எனக்கோ இந்தத் தடுமாற்றத்தால்தான் அவரைப் பிடித்தது. கேட்டிலைன் உரைகளில் முதலாவதை மட்டும் படித்துவிட்டு நேராகக் கடிதங்களுக்குப் போய்விடுங்கள்.