மாட்டிறைச்சியா, கோழியிறைச்சியா: ஒரு நிலக்கணக்கு

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகியோர் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடுகளிடமிருந்து 100 கிராம் புரதம் பெறச் சராசரியாக 164 சதுர மீட்டர் நிலம் ஓராண்டுக்குத் தேவைப்படுகிறது, கோழியிறைச்சிக்கோ 7.1 சதுர மீட்டரே போதும். நம் கணக்கில் முன்னது நான்கு சென்ட் மனை, பின்னது ஒரு சிற்றறை.

இவ்வளவு பெரிய இடைவெளிக்கு இனப்பெருக்கமும் வளர்ச்சி வேகமும் முக்கியக் காரணங்களில் சில. ஒரு பசு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கன்றுதான் ஈனும் என்பதால், தாய்ப்பசு ஆண்டு முழுவதும் தின்னும் தீவனமும் அந்த ஒரு கன்றின் கணக்கிலேயே சேர்கிறது. கறிக்கோழியோ ஆறேழு வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. பால் பண்ணைகளிலிருந்து வரும் மாட்டிறைச்சியில் அந்தச் சுமையைப் பாலும் பகிர்ந்துகொள்வதால், தேவை ஏறக்குறைய 22 சதுர மீட்டராகக் குறைகிறது.

ஆனால் பரப்பளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியன்று என்பதே என் கருத்து. மாடு மேயும் நிலத்தில் பெரும்பகுதி உழவுக்கு உதவாத புல்வெளி. கோழிக்குத் தீவனமாகும் மக்காச்சோளமும் சோயாவும் மனிதருக்கான பயிர் விளையக்கூடிய நிலத்தில் விளைபவை. எனினும், அமேசான் காட்டை அழித்து உருவாக்கிய மேய்ச்சல் நிலத்துக்கு இந்த வாதம் பொருந்தாது.

அதே ஆய்வில் பருப்பு வகைகளின் சராசரி 7.3 சதுர மீட்டர். அதாவது நிலத்தேவையில் பருப்பும் கோழியும் ஏறக்குறைய சமம்.