128 ஜிபி என்று கொடுத்தது 8 ஜிபி: 2,550 ரூபாயும் போச்சு, தளம் போட்ட நாளும் போச்சு

நேற்று ராத்திரியிலிருந்து கோபம் அடங்கவில்லை. மைக்ரோகன்ட்ரோலரில் (சின்னக் கருவிகளை இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) பெரிய மெமரி கார்டை ஓட வைப்பது எப்படி என்று விளக்கமாக ஒரு பதிவு எழுத ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அது இப்படி ஆகிவிட்டது. முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், டிப்ஸ் கடைசியில்.

ஊரில் வீடு கட்டுகிறோம். கட்டுவதை டைம்லாப்ஸ் (விட்டுவிட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்கலாம் என்று, கேமரா பொருத்திய ஈஎஸ்பி32-கேம் என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை டப்பாவில் அடைத்து, எதிர்வீட்டு மாடிச் சுவரில் கட்டி வைத்தேன். பத்து நொடிக்கு ஒரு படம், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. ஒரு நாளைக்கு 4,320 படம், படத்துக்கு சுமார் 150 கேபி, ஆக 650 எம்பி. இரண்டு மூன்று மாதம் கார்டைத் தொடாமல் விடலாமே என்றுதான் 128 ஜிபி தேடினேன்.

எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ், மொபைல் ஆக்சஸரீஸ் இரண்டும் விற்கிற கடை. பெயர் போடப் போவதில்லை. ரெசிஸ்டர், சென்சார் எல்லாம் இரண்டு வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன், முகம் தெரிந்த கடை. கார்டு ஒன்று 850 ரூபாய் என்றார் கடைக்காரர், ஆன்லைனைவிட முன்னூறு ரூபாய் கம்மி. "ஒரிஜினல்தானா அண்ணா?" என்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். தன் போனிலேயே ஒரு கார்டைப் போட்டு செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். "பாருங்க தம்பி, 119 காட்டுது. 128னு போட்டிருந்தா 119தான் வரும். கம்பெனிக்காரன் ஆயிரத்துல கணக்கு போடுவான், போன் ஆயிரத்து இருபத்திநாலுல போடும். முழுசா 128 காட்டுச்சுன்னாதான் சந்தேகப்படணும்."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விஷயம் தெரிந்த மனுஷன் என்று நம்பினேன். மூன்று கார்டாக வாங்கிவிட்டேன். 2,550 ரூபாய். பில் கேட்டதற்கு "பில்லுன்னா ஜிஎஸ்டி தனியா வரும்" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் "மெமரி 3, 2550" என்று கிறுக்கிக் கொடுத்தார்.

போர்டில் போட்டதும் 'கார்டு மவுண்ட் ஃபெயில்டு', அதாவது கார்டைத் திறக்க முடியவில்லை. இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. 32 ஜிபிக்கு மேலே போனால் அது எஸ்டிஎக்ஸ்சி வகை. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் எக்ஸ்ஃபேட் என்பதில் ஃபார்மேட் ஆகித்தான் வரும், நம் போர்டு கேட்பது ஃபேட்32 என்ற பழைய முறை. விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியில் இந்த அளவு கார்டுக்கு ஃபேட்32 என்ற தேர்வே எனக்கு வரவில்லை. தனியாக ஒரு கருவியை இறக்கி ஃபார்மேட் செய்தேன், உடனே ஓடியது. கார்டின் கொள்ளளவைக் கேட்டால் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் எம்பி சொச்சம் என்று, போர்டின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் வந்தது. எனக்கு ஒரே குஷி. முதல் வாரம் கார்டை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி.

பதினேழாம் நாள் தளம் போட்டார்கள். விடியற்காலையிலேயே மிக்சர் மிஷின் வந்தாயிற்று. முதல் சட்டி கான்கிரீட்டை அப்பத்தா கையால் கொட்டினார். எண்பத்திரண்டு வயது, ஏணியில் இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். கேமரா எடுத்துக்கொண்டிருக்கிறதே என்று நான் போனைக்கூட வெளியே எடுக்கவில்லை.

நேற்று கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். நாளுக்கொரு போல்டர், இருபது நாளுக்கும் இருபது இருக்கின்றன. பன்னிரண்டாம் நாள் மதியத்தில் ஒரு படம்: மேல்பாதியில் வானமும் சென்ட்ரிங் பலகையும், கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அதற்கப்புறம் எதுவும் திறக்கவில்லை. பதின்மூன்றிலிருந்து போல்டர்களே காலி. ஆனால் டிரைவில் 12 ஜிபிக்கு மேல் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது! எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல் கார்டின் முன்பகுதியில் இருப்பதால் அது பிழைத்துக்கொண்டது. கார்டில் நிஜமாக இருந்தது 8 ஜிபிதான், அதைத் தாண்டி எழுதிய படங்கள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. போர்டும் ஒரு தடவைகூட பிழை சொல்லவில்லை. கொள்ளளவு என்பது கார்டே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எண். அதை மாற்றி எழுதிவிட்டால் கடைக்காரர் போனும் நம்பும், என் போர்டும் நம்பும்.

பிரிக்காமல் வைத்திருந்த மற்ற இரண்டையும், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் சோதித்தேன். அதே 8 ஜிபி.

இன்று காலை கடைக்குப் போனேன். "ஃபார்மேட் பண்ணீங்களா? அப்ப வாரண்டி போச்சு" என்றார். மற்ற இரண்டும் ஃபார்மேட் செய்யாதவை என்றேன். "போர்டுல போட்டிருப்பீங்க, வோல்டேஜ் ஏறியிருக்கும்." ஈஎஸ்பி32 ஓடுவதே 3.3 வோல்ட்டில், கார்டும் அதே 3.3 வோல்ட். அதோடு அந்த இரண்டும் எந்த போர்டையும் பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் "டீலருக்கு அனுப்பணும், பதினஞ்சு நாள் ஆகும், ஓனர் வேற ஊர்ல இல்ல" என்றார். இரண்டு வருஷமாக அவரைத்தான் ஓனர் என்று நினைத்திருந்தேன். கடைசியில் ஒரு சார்ஜிங் கேபிளை நீட்டி "இத வச்சுக்கங்க தம்பி" என்கிறார். 2,550 ரூபாய்க்கு ஒரு கேபிள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் சோதனைப் படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யப் போகிறேன், கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

டிப்ஸ் என்று சொன்னேன் இல்லையா, உட்கார்ந்து எழுதும் மனநிலையில் இல்லை. கார்டு வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள், லினக்ஸ் என்றால் எஃப்3. 128 ஜிபி முழுக்க எழுதிப் படிக்க மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். போனில் காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். முடிந்தவரை 32 ஜிபிக்குள் நில்லுங்கள், ஃபேட்32 தலைவலியும் இல்லை. பெரிய கார்டுதான் வேண்டும், ஃபார்மேட்டும் மாற்ற முடியாது என்றால் ஆர்டுயினோவில் (இந்த மாதிரி போர்டுகளுக்கு நிரல் எழுதும் தளம்) எஸ்டிஃபேட் லைப்ரரி எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும். 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டு வைத்திருப்பவர்கள் அந்த 5 வோல்ட்டை நேராகக் கார்டுக்குக் கொடுக்காதீர்கள், அதை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் லெவல் ஷிஃப்டர் உள்ள மாட்யூல் போடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

2,550 ரூபாயை எப்படியாவது சம்பாதித்துவிடுவேன். அப்பத்தாவை மறுபடி ஏணியில் ஏற்ற முடியாது.