லாங் பஜாரை என்ன செய்யலாம்: இடிப்பதா, இடம் மாற்றுவதா, வண்டியை நிறுத்துவதா?

வேலூரின் மொத்த வியாபாரக் கடைத்தெருவான லாங் பஜாரின் நெரிசல் பற்றியும் அங்கே சிதைந்துவரும் பழைய கட்டடங்கள் பற்றியும் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வருவது நாலு யோசனைதான்.

முதலாவது, ரோட்டை அகலப்படுத்துவது. இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. பழைய கடைகளின் முகப்பை வெட்டி எடுத்தால் கிடைக்கும் நாலடியில் அடுத்த வாரமே பைக் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மணிக்கூண்டும் இடைஞ்சல் என்பார்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிற மணிக்கூண்டு அது.

இரண்டாவது, மண்டிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோவது. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். காய்கறி லாரிகள் போனது உண்மை, ஆனால் ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்கள் ஒன்றும் அதனால் பிழைத்துவிடவில்லை. ஊர் வளர்ந்து கோயம்பேடும் நடு ஊராகிவிட்டது. வேலூரில் இன்னொரு சிக்கல் உண்டு. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் மளிகை, பாத்திரம், நேதாஜி மார்க்கெட்டில் பூ என்று ஒரே நடையில் முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். மண்டி போனால் அதை நம்பியிருக்கும் சின்னக் கடைகளும் படுத்துவிடும். லாரி தொல்லைக்கு இது ரொம்பப் பெரிய வைத்தியம்.

மூன்றாவது, பகலில் வண்டியே விடாமல் இருப்பது. உடனே எல்லோரும் 2019-இல் திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைபாதையைக் காட்டுவார்கள். அது அகலமான சாலை, சில்லறை வியாபாரம், நமக்குப் பொருந்தாது. டெல்லி சாந்தினி சவுக்தான் கிட்டத்தட்ட நம் கதை: பின்பக்கத் தெருக்களிலெல்லாம் மொத்த வியாபாரம், காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டி கூடாது, சரக்கெல்லாம் ராத்திரியில். இங்கே அப்படிச் செய்தால் சுமை இறக்குகிறவர்களுக்கு ராத்திரி வேலை, கூலியும் கூடும். அதை வியாபாரிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எதையும் இடிக்காமல், சரிப்படாவிட்டால் மறுவாரமே விலக்கிக்கொள்ளக்கூடிய யோசனை இது ஒன்றுதான்.

நான்காவது, பழுது பார்ப்பது. புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அதையே இங்கே செய்யலாமே என்றால், பணத்துக்கு முன்னால் வாடகை குறுக்கே நிற்கிறது. உரிமையாளர் எங்கோ இருப்பார், கடைக்காரர் தாத்தா காலத்து வாடகையில் இருப்பார். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, இப்போது ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு இருவருமே காசு போட மாட்டார்கள். அவசரத்துக்குச் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவார்கள், ஈரம் வெளியேற முடியாமல் உள்ளுக்குள்ளேயே தங்கிச் சுவர் பொரிந்து உதிரும். கோட்டைக்காவது தொல்லியல் துறை இருக்கிறது, சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே இருக்கிற வீட்டை நாளைக்கே இடித்தாலும் கேட்க ஆளில்லை.

என்னைக் கேட்டால், சரக்கு வண்டி நேரத்தை முதலில் கட்டுப்படுத்தி, கூடவே பழுதுச் செலவில் ஒரு பங்கை மாநகராட்சி ஏற்கலாம். அதற்குப் பதிலாக, இத்தனை வருடத்துக்கு முகப்பை இடிப்பதில்லை என்று உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். வெறும் அழகுக்காகச் சீரமைத்துப் பூட்டிவைத்தால் நிலைக்காது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலே பல நூறு வருடம் வழிபாடு இல்லாமல் கிடந்தது, 1981-இல் லிங்கம் திரும்ப வந்த பிறகுதான் ஊர் மக்கள் அங்கே வழிபட ஆரம்பித்தார்கள்.

பஜாரில் காலியாகக் கிடக்கும் மாடிகளுக்கும் ஆள் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அவற்றை வாடகைக்கு விடலாம். ஆனால் ஒன்று, மாடிக்குப் போகிற ஒற்றை மரப்படிக்கட்டை நம்பி நோயாளியை மேலே ஏற்ற முடியாது. பின்பக்கம் இரும்புப் படி வைக்க இடம் இருக்கிற கட்டடங்களில்தான் இதைத் தொடங்க முடியும்.