விபத்து விடுப்பு, ஆள்குறைப்பு: இ.எஸ்.ஐ.யில் பணம் வாங்கிய அனுபவம்

கோவைப் பக்கம் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் குவாலிட்டி பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க டிஸ்பென்சரி இருக்கிறது, பெரிய நோய் என்றால் ஆஸ்பத்திரி இருக்கிறது, இதற்கு மேல் எங்கள் ஷிஃப்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2022-இல் வேலைக்குப் போகும் வழியில் ஸ்கூட்டர் விபத்தில் கால் எலும்பு முறிந்தது. தேறி வேலைக்குத் திரும்பினேன். அடுத்த வருடம் ஆர்டர் இல்லை என்று யூனிட்டில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் என் பெயரும் இருந்தது. இரண்டு சமயத்திலும் இ.எஸ்.ஐ.யிலிருந்து பணம் வாங்கியிருக்கிறேன். முதலாவது ஓரளவு சுலபமாக வந்தது, இரண்டாவதுக்கு அலைந்தேன். அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையில்லாதது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் விகிதங்களும் விதிகளும் நான் வாங்கிய காலத்தில் இருந்தவை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 18,000 சம்பளம் என்றால் நம்மிடம் 135 ரூபாய், கம்பெனியிடம் 585 ரூபாய். இப்படி மாதாமாதம் நம் பெயரில் பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கவுண்டரில் நிற்கும்போது அதை நினைவில் வைத்திருந்தால் குரல் தாழாது.

முதலில் விபத்து. கம்பெனியில் என் கணவரிடம் சொன்ன முதல் வார்த்தையே, "ரோட்டில் நடந்ததுங்க, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சாதாரண நோய் விடுப்பாகப் போட்டுக்கோங்க" என்பதுதான். 2010-இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ விபத்து நடந்தால், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்துகிற பட்சத்தில் அதுவும் வேலைக்காயம்தான். இதை எங்களுக்குச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் சங்கத்து அண்ணன் ஒருவர்.

இதில் வித்தியாசம் பெரிது. நோய் விடுப்புக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அதற்கு முந்தைய ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். வேலைக்காயம் என்றால் 90 சதவீதம், உடல் தேறும் வரைக்கும் கிடைக்கும், இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. தினக்கூலி 600 என்று வைத்தால் ஒன்று 420, இன்னொன்று 540. கால் எலும்பு ஒட்ட மாதக்கணக்கில் ஆகும்போது இந்த 120 ரூபாய்தான் வீட்டு வாடகை.

அதனால் வழியில் விபத்து நடந்தால் அன்றே சேர்க்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். அதில் விபத்து நடந்த இடமும் நேரமும், வேலைக்குப் போகும் வழியில் என்பதும் எழுதப்பட வேண்டும். அன்றைய ஷிஃப்ட் நேரத்துக்கு ஆதாரம் வேண்டும். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அவர்கள் இழுத்தடித்தால் நாமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கிளை அலுவலகத்திலிருந்து விசாரித்தார்கள், வேலைக்காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் சர்டிபிகேட். டிஸ்பென்சரி டாக்டர் தரும் முதல் சர்டிபிகேட்டிலிருந்து கடைசி ஃபிட்னஸ் வரை நடுவில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. விடுபட்ட நாளுக்குப் பணம் இல்லை, அதை அப்புறம் சரிசெய்வதும் கஷ்டம். கட்டுப்போட்ட காலோடு ஆட்டோ பிடித்துப் போய் வருவது கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் உரிய பணம் முன்னே பின்னே ஆனாலும் வங்கிக் கணக்குக்கு வந்தது. இ.எஸ்.ஐ. என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்வேன்.

கால் பழையபடி ஆகவில்லை என்றால் மருத்துவ வாரியத்துக்குப் போக மறக்காதீர்கள். தற்காலிக ஊனப் பணம், அதாவது வேலைக்காயத்துக்கு வரும் அந்த 90 சதவீதம், நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று வாரியம் சொல்லும், அந்த விகிதத்தில் பணம் உண்டு. வேலை போனாலும் வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது. இன்னொன்று, இ.எஸ்.ஐ.யில் நோய்ப் பணமோ தற்காலிக ஊனப் பணமோ வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதை 1948-ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடுத்தது. படுக்கையில் இருக்கும்போது வந்து கையெழுத்துக் கேட்டால் சொல்வதற்கு அது இருந்தது.

இனி வேலையிழப்பு. ஆள்குறைப்பு அன்று எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்" என்றார்கள். நிறையப் பேர் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் அவசரம் அவர்களுக்கு. நான் கொடுக்கவில்லை. கடைசியில் "பணி தேவைப்படவில்லை, விடுவிக்கிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். தொழில் தகராறு சட்டப்படியான ஆள்குறைப்பு என்று எழுதித் தரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்கள். அப்படி எழுதினால் ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பள இழப்பீடும் தர வேண்டுமே.

அந்த ஒரு கடிதம்தான் எனக்கு எந்தத் திட்டம் என்பதைத் தீர்மானித்தது. இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவர்களுக்கு இரண்டு திட்டங்கள் இருந்தன. 2005 ஏப்ரலில் வந்த ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனாவில் முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். ஆனால் சட்டப்படி ஆள்குறைப்பு, ஆலை மூடல், அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் என்று நிரூபிக்க வேண்டும். 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவில் அவ்வளவு கெடுபிடி இல்லை, என் கடிதத்துக்குப் பொருந்தியது இதுதான். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் போனவர்கள் தவிர மற்றவர்கள் கேட்கலாம். ஆனால் கிடைப்பது அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. முதலில் 25 சதவீதமாக இருந்தது, கொரோனா சமயத்தில் 2020 மார்ச்சிலிருந்து 50 ஆக்கினார்கள். காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று 1800-11-2526 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வேலை போய் 30 நாள் கழிந்த பிறகு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஐ.பி. எண் (காப்பீடு பெற்றவருக்கான இ.எஸ்.ஐ. எண்) போட்டு நுழைந்து நானே விண்ணப்பித்தேன். கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை, இது நல்ல மாற்றம். ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் போதும். முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதித் தருகிறேன் என்று வெளியில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், 2020 கடைசியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் கிளை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "ஏம்மா, நீங்க இன்னும் வேலையில இருக்கிற மாதிரியில்ல காட்டுது?" கம்பெனி மாதாமாதம் சந்தாக் கணக்கு ஏற்றும்போது, ஒருவருக்கு வேலை நாள் பூஜ்ஜியம் என்றால் காரணக் குறியீடு ஒன்று போட வேண்டும். 1 என்றால் விடுப்பு, 2 என்றால் வேலையை விட்டார், 10 என்றால் ஆள்குறைப்பு. 2 போட்டால் கடைசி வேலை நாளையும் சேர்த்துப் போட வேண்டும். எனக்கு 1 போட்டிருந்தார்கள். விபத்தின்போது போட்ட குறியீட்டையே திரும்பப் போட்டுவிட்டார்கள் போல. இதனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் விடுப்பில் இருந்தேன். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லும் அந்தத் திரையைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

கம்பெனியில் போனை எடுக்கவில்லை. விடுவிப்புக் கடிதத்தின் நகல், சம்பளம் கடைசியாக வந்த மாதத்தைக் காட்டும் வங்கி அறிக்கை, நிலைமையை விளக்கி ஒரு மனு, இவற்றைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் அக்கா நல்ல மனுஷி. மாதந்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வரச் சொன்னார். அங்கே மேலாளரே மனுவைப் படித்தார், கம்பெனிக்குக் கடிதம் போனது, கடைசி வேலை நாள் சரியானது. அதற்குப் பிறகு தாமதமில்லை. வேலை போன மறு மாதமே தளத்தில் உங்கள் சந்தா விவரத்தைத் திறந்து, கடைசி தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வந்த தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 18,000 சம்பளத்துக்கு நாளுக்கு 300, 90 நாளுக்கு 27,000 என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் சராசரியை எடுப்பது கடைசி நான்கு சந்தாக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுத்து. அந்த இரண்டு வருடத்துக்குள் என் விபத்து மாதங்களும் இருந்தன, அப்போது சம்பளம் இல்லை. அடிபட்டு எழுந்தவருக்கு வேலையும் போனால் மற்றவரைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. இது நியாயமே இல்லை. ஊனப் பணம் வாங்கிய நாட்களைச் சராசரியிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும். மூன்று மாதம் என்பதும் போதாது, எங்கள் ஊரில் நாற்பது தாண்டிய பெண்ணுக்கு அதற்குள் வேறு வேலை அமைவது அபூர்வம்.

பி.எஃப். தனி விஷயம், சுருக்கமாக முடிக்கிறேன். அங்கேயும் வெளியேறிய தேதிதான் சிக்கல். ஆனால் கடைசி சந்தா வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் அந்தத் தேதியை நாமே பதியலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். இ.எஸ்.ஐ.யிலும் இதே வசதி வந்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

இப்போது வேறொரு யூனிட்டில் சேர்ந்திருக்கிறேன். சேரும்போது புது இ.எஸ்.ஐ. எண் போடப் பார்த்தார்கள். பழைய ஐ.பி. எண்ணையே கொடுத்துத் தொடரச் சொன்னேன். நீங்களும் விடாதீர்கள். புது எண் விழுந்தால் பழைய சந்தா நாட்கள் ஒரு பக்கம், புதியவை ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும், 78 நாள் கணக்குப் பார்க்கும் சமயத்தில் இரண்டையும் சேர்க்க மறுபடி மனு எழுத வேண்டும்.