‘ஜிங்க் குறைவுதான் சார்’ என்று சொல்லி 18,600 பறித்துவிட்டார்கள், தயவுசெய்து கவனமாக இருங்கள்

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்று மதியம் வந்த மெயிலைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன். “உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.” அவ்வளவுதான். பணம் தருவார்களா மாட்டார்களா என்று ஒரு வரி கிடையாது, யார் பரிசீலித்தார்கள் என்று ஒரு பெயர் கிடையாது. 18,600. ஆறு மாதத்துக்கும் சேர்த்து மொத்தமாக முன்பணம் கட்ட வைத்து வாங்கிய தொகை. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களைக் குறிவைத்து, ஆலோசனை இலவசம் என்று கூப்பிட்டு மாத்திரை விற்கும் ஓர் இணையதளம் அது. பெயர் போடவில்லை, இதே மாதிரி தளங்கள் நிறைய இருக்கின்றன, பேச்சும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் குழந்தை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, ஒன்றும் குறை இல்லை என்று சொன்ன பிறகு என் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் எல்லையாகச் சொல்லியிருப்பது 1 கோடியே 60 லட்சம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல் மொபைலில் தேடியபோது இவர்கள் விளம்பரம் வந்தது, ரிப்போர்ட்டை அனுப்பினேன், மறுநாளே அழைத்துவிட்டார்கள்.

பேசியவர் நிதானமாகப் பேசினார். அதுதான் என்னை இழுத்தது. அதுவரை நான் போன எந்த இடத்திலும் யாரும் உட்கார வைத்து இவ்வளவு நேரம் பேசவில்லை. தூக்கம் எப்படி, முடி கொட்டுகிறதா, மாலையில் சோர்வாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கேள்விகளுக்கு இல்லை என்று பதில் சொல்கிற மனிதன் யார்? பிறகு, “சார், உங்கள் விரல் நகங்களைக் கொஞ்சம் பாருங்கள், வெள்ளைப் புள்ளி ஏதாவது இருக்கிறதா?” என்றார். மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். மோதிர விரல் நகத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. சொன்னேன். “அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், ஜிங்க் குறைவுதான் சார். இது உங்கள் மேல் குறை இல்லை, உடம்பில் ஒரு சத்து குறைந்திருக்கிறது, ஏற்றிவிட்டால் கவுண்ட் தானாக ஏறிவிடும்” என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மார்பில் இருந்த பாரம் இறங்கியது. நான் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டேன், அவர் ஒருமுறைகூட மறுக்கவில்லை. பணம் கட்டியது அந்த அழைப்பு முடிவதற்குள்ளேயே. மாதாமாதம் வாங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள், முழு கோர்ஸாக எடுத்தால்தான் பலன், பலன் இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும் என்று சொல்லி 18,600.

நகத்து வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகம் எங்கேயாவது இடித்துக்கொள்வதால் வருவது. அதை வைத்து யாருக்கும் ஜிங்க் குறைவு என்று சொல்ல முடியாது. இதைப் பிறகுதான் ஒரு நிஜமான மருத்துவர் எனக்குச் சொன்னார்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே குமட்டல். காலையில் போட்டால் மதியம் வரை வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு சுவை, சில நாள் வாந்தியே வந்துவிடும். சாட்டில் கேட்டேன். “உடம்பு ஏற்றுக்கொள்ளும்போது இப்படித்தான் இருக்கும், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறுத்தாதீர்கள்” என்று பதில். நானும் நிறுத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன், வேலைக்கு நடுவில் எழுந்து ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். குழந்தைக்காகத்தானே என்று.

இப்போது அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்கிறேன், இதை நன்றாகக் கவனியுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஜிங்க் சல்பேட் 220 மி.கி. என்று இருக்கும். பின்பக்கம், தேதி அச்சடிக்கிற இடத்துக்கு மேலே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில், அதில் உள்ள நிஜமான ஜிங்க் 50 மி.கி. என்று இருக்கும். சல்பேட், குளுக்கோனேட் என்று எந்த வடிவில் கொடுத்தாலும் உடம்புக்குக் கணக்கு அந்தத் தனி ஜிங்க் அளவுதான். எனக்குச் சொன்னது காலை ஒன்று, இரவு ஒன்று. ஆக ஒரு நாளைக்கு 100 மி.கி. வயது வந்த ஆணுக்கு ஒரு நாள் தேவை அமெரிக்கப் பரிந்துரைப்படி 11 மி.கி., அதிகபட்ச எல்லை 40. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25க்கு மேல் வேண்டாம் என்கிறது. ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல், ஒரு போன் பேச்சை வைத்து, எல்லையைப் போல இரண்டரை மடங்கை ஆறு மாதத்துக்குத் தினமும் விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வாந்தி நிற்காமல் போகவே மனைவி பிடிவாதமாக ஒரு யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆண் இனப்பெருக்க உறுப்பு மருத்துவர்) அழைத்துப் போனாள். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே என்னை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் பரிசோதித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இடது பக்கம் வெரிகோசீல். விதைப்பைக்கு மேலே உள்ள ரத்த நாளங்கள் வீங்கிச் சுருண்டு, அந்த இடத்தில் சூடு ஏறி விந்தணு உற்பத்தியைக் கெடுக்கும் பிரச்சினை. ஸ்கேனும் அதையே சொன்னது. ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது இருக்கும் என்றும், குழந்தையின்மைக்காக வருகிற ஆண்களில் 35 முதல் 40 பேருக்கு இருக்கும் என்றும் சொன்னார். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது, ஆனால் என்னைப் போல கையில் தட்டுப்படுகிற அளவில் இருந்து கவுண்டும் குறைந்திருந்தால் யோசிக்க வேண்டியதுதானாம். ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது, விந்து வெளியேற்றாமல் 2 முதல் 7 நாள் இருந்துவிட்டு இன்னொன்று எடுத்தாக வேண்டும், ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்கே தடவைக்குத் தடவை எண்ணிக்கை மாறும் என்றும் சொன்னார். இதில் ஒன்றையாவது அந்த நிதானமான குரல் சொன்னதா?

மாத்திரையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே செம்பு அளவு பார்க்க எழுதிக்கொடுத்தார். ஜிங்க் அதிகமானால் குடல் சுவரில் ஒரு புரதம் கூடி, சாப்பாட்டில் வருகிற செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது ரத்தத்துக்குப் போகாமல் வெளியேறிவிடும். உடம்பில் செம்பு மிகுந்துபோகிற வில்சன் நோய்க்கு ஜிங்க்கை மருந்தாகவே கொடுப்பது இதனால்தான். நோயே இல்லாதவனுக்கு அதைக் கொடுத்தால்? ரத்தசோகை, வெள்ளை அணுக்கள் குறைவது, ரொம்ப நாள் போனால் கை கால் மரத்துப்போய் நடையே தடுமாறுவது வரை போகலாம். எனக்கு அளவு கீழ் எல்லையைத் தொட்டுவிட்டது. இன்னும் முழு கோர்ஸும் முடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கும்போதே கை நடுங்குகிறது.

அப்புறம்தான் ரீஃபண்ட் படலம். முதலில் சாட்டில் டிக்கெட் எண் கொடுத்தார்கள். பதில் இல்லை. அழைத்தால், திறந்த பாட்டிலுக்குப் பணம் கிடையாது என்றார்கள். சரி, திறக்காமல் சீலோடு இருப்பவற்றுக்காவது கொடுங்கள் என்றேன். அவை தொகுப்பாக விற்றவை, பிரித்துக் கணக்குப் பார்க்க முடியாதாம். பலன் இல்லையென்றால் பணம் திரும்ப என்றீர்களே என்றேன். ஆறு மாதமும் முழுதாகச் சாப்பிட்டு முடித்தவர்களுக்குத்தான் அது பொருந்துமாம். வாந்தி எடுக்கிறேன், மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று சீட்டை அனுப்பினேன். “எங்கள் பொருள் முற்றிலும் பாதுகாப்பானது” என்று ஒரு ரெடிமேட் பதில். என்னிடம் பேசிய டாக்டரின் பதிவு எண் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை: “அவர் ஹெல்த் கோச், டாக்டர் என்று நாங்கள் எங்கும் குறிப்பிடவில்லை.” கடைசியில் பேசிய பெண், அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி போட்டுத் தருகிறேன் என்றாள். 18,600 போய், செம்பு இறங்கி, மாதங்கள் வீணாகி நிற்கிறவனிடம் அடுத்த ஆர்டர். அவர்கள் தளத்தில் நான் எழுதிய விமர்சனத்தையும் அன்றே தூக்கிவிட்டார்கள்.

அவர்கள் அனுப்பிய படங்களில் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று நிறைய இருந்தது. பொய்யான ஆராய்ச்சி இல்லை, பாதியை மறைத்துச் சொன்ன ஆராய்ச்சி. டெஸ்டோஸ்டிரோன் இரண்டு மடங்கு என்று போட்டிருப்பது ஜிங்க் ஆராய்ச்சியாளர் ஆனந்த பிரசாத்தின் குழு 1996இல் வெளியிட்டது. அது ஏற்கெனவே ஜிங்க் குறைவாக இருந்த வயதானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது, குறைவே இல்லாதவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. நல்ல விந்தணு எண்ணிக்கையில் 74 சதவீத உயர்வு என்று போட்டிருப்பது 2002இல் நெதர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வு, அதுவும் ஃபோலிக் ஆசிட் சேர்த்துக் கொடுத்தது. அதே சேர்க்கையை அமெரிக்காவில் 2,370 ஆண்களிடம் பெரிய அளவில் சோதித்து 2020 ஜனவரியில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தினமும் 30 மி.கி. ஜிங்க், 5 மி.கி. ஃபோலிக் ஆசிட், ஆறு மாதம். குழந்தை பிறந்தது மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35 சதவீதம். விந்தணு எண்ணிக்கையிலும் அசைவிலும் வித்தியாசம் இல்லை. விந்தணுவின் டிஎன்ஏ சிதைவு மருந்து எடுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடியிருந்தது, வயிற்று உபாதையும் வாந்தியும் அவர்களுக்குத்தான் அதிகம். 30 மி.கி.க்கே இந்த நிலைமை, எனக்குக் கொடுத்தது 100. ஜிங்க் விந்தணுவுக்குத் தேவையான சத்துதான், உண்மையிலேயே குறைவு உள்ளவர்களுக்கு மருத்துவர் கொடுப்பார். நான் அதைக் குறை சொல்லவில்லை. குறைவு இருக்கிறதா என்று பார்க்காமலே விற்றவர்களைச் சொல்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது இருக்கிற கோபத்தில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கவுண்ட் குறைவு என்றால் முதலில் நேரில் ஒரு யூராலஜிஸ்ட் கையால் பரிசோதிக்கட்டும். லேபிளில் பின்பக்கத்து ஜிங்க் அளவைப் படியுங்கள், 40ஐத் தாண்டினால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். ஜிங்க் எடுக்கும்போது சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆண்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆண்டிபயாட்டிக் உடம்பில் சரியாக ஏறாது. ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதனால் ஒரே மாதத்தில் கவுண்ட் ஏறும் என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பேசுகிறவரின் மருத்துவப் பதிவு எண்ணைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, இதை இன்றே செய்யுங்கள்: இந்த மாதிரித் தளத்தில் கார்டு கொடுத்திருந்தால் வங்கி ஆப்பில் போய் தானாகப் பணம் எடுக்கிற அனுமதியை ரத்து செய்யுங்கள். என் கணக்கில் நேற்று ராத்திரி ‘கோர்ஸ் புதுப்பித்தல்’ என்று இன்னொரு 18,600 எடுக்கப் பார்த்திருக்கிறார்கள், பேலன்ஸ் இல்லாததால் போகவில்லை.